மஞ்சள் விளக்கு அணைய மறுக்கிறது: டீசல் காரின் கரி வடிகட்டி பற்றி உதவி தேவை

#1 தினப்பயணி

வணக்கம். என் கார் ஐந்து வயதான 1.5 லிட்டர் டீசல். இதுவரை 74,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று வாரங்களுக்கு முன் டாஷ்போர்டில் நான் பார்த்தே இராத ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சின்னப் பெட்டி, இரண்டு பக்கமும் குழாய், உள்ளே புள்ளிகள். கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். புகைக்கரி வடிகட்டி நிரம்புகிறது, 60 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள் என்று நான்கு வரி எழுதியிருந்தது.

அதன்படியே ஒரு ஞாயிறு மதியம், நல்ல வெயிலில், நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டினேன். விளக்கு அணைந்தது. நான்கே நாளில் மறுபடி வந்தது. அடுத்த முறை இரவு பத்து மணிக்கு, சாலை காலியாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரு மணி நேரம் ஓட்டினேன். விளக்கு அசையவில்லை. இப்போது இன்ஜின் விளக்கும் துணைக்கு வந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் கார் மூச்சு வாங்குகிறது.

பட்டறையில் ஸ்கேனரைச் செருகி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, வடிகட்டி போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றார்கள். சொன்ன விலையைக் கேட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். 74,000 கி.மீ.யில் வடிகட்டி சாகுமா? என் ஓட்டம் தினமும் அலுவலகத்துக்கு 6 கி.மீ., திரும்ப 6 கி.மீ. அவ்வளவுதான்.

#2 நெடுஞ்சாலைக்காரர்

மூன்றாவது கியரில் போட்டு 3000 சுற்றில் அரை மணி நேரம் விரட்டுங்கள். நான்கு டீசல் கார்கள் வைத்திருந்தேன், நான்குக்கும் இதுதான் மருந்து. பட்டறைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள்.

#3 பழைய ஸ்பேனர்

பட்டறைக்காரன்தான் எழுதுகிறேன். நம்பாவிட்டாலும் படித்துவிடுங்கள்.

தினப்பயணி, முதலில் விரட்டுவதை நிறுத்துங்கள். பெட்டி விளக்கு மட்டும் எரிந்தபோது நெடுஞ்சாலை ஓட்டம் சரியான யோசனை. இன்ஜின் விளக்கும் சேர்ந்து, கார் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்ட பிறகு அந்த யோசனைக்கு வேலையில்லை. அந்த நிலையில் பெரும்பாலான கார்களின் கணினி, கரியை எரிக்கும் முயற்சியையே கைவிட்டிருக்கும். நீங்கள் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் டீசல்தான் செலவாகும்.

வடிகட்டி நிரம்பியது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது ஏன் தன்னைத் தானே காலி செய்துகொள்ளவில்லை என்பதுதான் கேள்வி. அதைக் கேட்காமல் புதிது போட்டால், அதுவும் சில மாதங்களில் இதே கதிக்கு வரும். அப்படி இரண்டாவது வடிகட்டியோடு என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். ஸ்கேனரில் வந்த பிழை எண்கள் எல்லாம் வேண்டும், ஒன்று மட்டும் போதாது. டாங்கியில் பொதுவாக எவ்வளவு டீசல் வைத்திருப்பீர்கள்? ஆயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். அளவு எங்கே நிற்கிறது? காரை நிறுத்திய பிறகும் முன்பக்க விசிறி ஓடிக்கொண்டே இருந்தது உண்டா?

#4 தினப்பயணி

நன்றி ஐயா. பட்டறையில் கொடுத்த தாளில் பி2463 என்ற ஒரே எண்தான் இருக்கிறது. டீசல் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிற பழக்கம், முள் பெரும்பாலும் கால் டாங்கிக்குக் கீழேதான். விசிறி ஓடியது உண்டு! வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அலுவலக வாசலில் நிறுத்தி இறங்கும்போது விமான நிலையம் போலச் சத்தம் போடும், கருகிய வாடையும் வரும். வெயில் காரணம் என்று நினைத்தேன்.

ஆயில்தான் விநோதம். கம்பியில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு ஏறியிருக்கிறது. நான் ஆயில் ஊற்றவே இல்லை. குறைந்தால்தான் கவலை, கூடினால் நல்லதுதானே?

#5 எண்ணெய்ப்பிசுக்கு

நல்லதே அல்ல! அது ஆயில் கூடியதல்ல, டீசல் கலந்தது. தயவுசெய்து காரை எடுக்காதீர்கள்.

விளக்கம் இது. கரியை எரிக்கப் புகைக்குழாயில் 600 டிகிரி வரை வெப்பம் வேண்டும். அதற்காகக் கணினி, சிலிண்டரில் வெடிப்பு முடிந்த பிறகு இன்னொரு சொட்டு டீசலைத் தெளிக்கச் சொல்லும். அது சிலிண்டரில் எரியாமல் புகையோடு போய், முன்னால் உள்ள வினையூக்கியில் எரிந்து வெப்பம் தர வேண்டும் என்பது திட்டம். ஆனால் அந்தச் சொட்டில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஆயில் தொட்டியில் இறங்கிவிடும். எரிப்பு ஒரே மூச்சில் முடிந்தால் இறங்குவது கொஞ்சம்தான். சூடான ஆயிலில் அதிலும் சிறிது ஆவியாகிப் போகும். உங்களுக்கோ வாரத்தில் மூன்று முறை தொடங்கி, அலுவலகம் வந்ததும் பாதியில் அணைந்திருக்கிறது. ஒவ்வொரு தொடக்கத்துக்கும் டீசல் தெளிப்பு உண்டு, பலன் இல்லை.

டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போகும். பேரிங்குகளுக்கும் டர்போவுக்கும் அதுதான் உயிர். அளவு மிகவும் ஏறினால் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்துகூட உண்டு. நான் ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க ஆசையில்லை.

#6 பழைய ஸ்பேனர்

மேலே சொன்னது சரி. ஒரு சிறு திருத்தம்: எல்லாக் கார்களிலும் சிலிண்டர் வழியாகத் தெளிப்பதில்லை. சில தயாரிப்புகளில் புகைக்குழாயிலேயே தனி இன்ஜெக்டர் உண்டு. அவற்றில் இந்த ஆயில் தொல்லை மிகக் குறைவு. உங்கள் கார் அந்த வகை அல்ல என்பதற்கு ஆயில் கம்பியே சாட்சி.

பி2463 என்றால் கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது என்பது மட்டும்தான் பொருள். வடிகட்டி செத்துவிட்டது என்று அந்த எண் சொல்லவில்லை. சாம்பல் நிறைந்தால் வருவது பி242எஃப். அழுத்த சென்சார் கெட்டால் பி2452 முதல் பி2455 வரை ஏதாவது ஒன்று. உங்கள் பட்டறைக்காரர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

டீசல் கால் டாங்கிக்குக் கீழே இருந்ததும் ஒரு காரணமாகலாம். பல கார்களில் அளவு குறைந்தால் கணினி எரிப்பைத் தொடங்கவே தொடங்காது. இனி அரை டாங்கிக்குக் கீழே விடாதீர்கள். ஆனாலும் இரவில் ஒரு மணி நேரம் ஓட்டியும் அணையவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. அன்று டாங்கியில் எவ்வளவு இருந்தது?

#7 தினப்பயணி

அன்று நிரப்பிவிட்டுத்தான் கிளம்பினேன் ஐயா. நீண்ட ஓட்டம் என்பதால்.

#8 பழைய ஸ்பேனர்

அப்படியானால் டீசல் அளவு குற்றவாளி அல்ல. வேறு எதுவோ இருக்கிறது.

#9 துளைபோட்டவன்

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? பெட்டியைக் கழற்றி, உள்ளே இருப்பதை இடித்து வெளியே கொட்டி, மறுபடி ஒட்டவைத்துவிட்டால் தீர்ந்தது. கணினியிலும் ஒரு சின்ன மாற்றம் செய்துவிடுவார்கள், விளக்கு ஒருபோதும் வராது. என் காரில் செய்து இரண்டு வருடம் ஆகிறது. இழுவை கூடியிருக்கிறது, டீசலும் மிச்சம். வெறும் பீங்கான் கட்டிக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை.

#10 கணக்கர்

உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவருக்கு அந்தப் பீங்கான் கட்டியின் மரியாதை தெரியும்.

வடிகட்டி உள்ள டீசல் கார் உமிழும் கரியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அந்தப் பெட்டியிலேயே நின்றுவிடுகிறது. ஐரோப்பாவில் யூரோ 4 விதியில் ஒரு கி.மீ.க்கு 0.025 கிராம் என்றிருந்த கரி வரம்பு, 2009-இல் யூரோ 5 வந்தபோது 0.005 கிராமாக, ஐந்தில் ஒரு பங்காக, இறங்கியது. அதன் பிறகு துகள்களை எண்ணியே வரம்பு வைத்தார்கள்: கி.மீ.க்கு 60,000 கோடி. கேட்டால் பெரிய எண்ணாகத் தெரியும், வடிகட்டி இல்லாத டீசல் இன்ஜின் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

பல நாடுகளில் இந்தப் பெட்டியைக் காலி செய்து ஓட்டுவது சட்டவிரோதம். சட்டம் இல்லாவிட்டாலும் நீங்கள் சொன்ன "மிச்சம்" பிறர் நுரையீரலில் சேமிக்கப்படுகிறது. இழுவை கூடியதாகத் தோன்றுவதற்குக் காரணம், அடைத்திருந்த பெட்டியோடு ஒப்பிடுகிறீர்கள். சுத்தமான வடிகட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

#11 துளைபோட்டவன்

லாரிகள் கக்குகிற புகைக்கு முன் என் கார் ஒரு பொருட்டா? சரி, விடுங்கள். பிரசங்கம் கேட்க வரவில்லை.

#12 புதியவள்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் காரிலும் ஏதோ விளக்கு எரிகிறது. நீல மூடி போட்ட துளை வழியாகத் திரவம் ஊற்றச் சொல்கிறார்கள். அதை ஊற்றினால் இந்த வடிகட்டி சுத்தமாகிவிடுமா?

#13 எண்ணெய்ப்பிசுக்கு

இல்லை சகோதரி, அது வேறு குடும்பம். நீல மூடிக்குள் ஊற்றுவது ஆட்புளூ: 32.5 சதவீத யூரியா, மீதி சுத்திகரித்த நீர். அது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைச் சாதாரண நைட்ரஜனாக மாற்றும். கரியோடு அதற்குத் தொடர்பில்லை. தீரும் முன் ஊற்றிவிடுங்கள். முற்றிலும் தீர்ந்தால் அணைத்த காரை மறுபடி ஸ்டார்ட் செய்ய விடாது. முக்கியமாக, அதைத் தப்பித் தவறி டீசல் டாங்கியில் ஊற்றிவிடாதீர்கள். ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே தொடாதீர்கள்.

#14 சூளைவாத்தியார்

வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். எரிப்பு பற்றி இரண்டு சொல் பேசாமல் இருக்க முடியவில்லை.

வடிகட்டி என்பது தேன்கூடு போன்ற பீங்கான், சிலிக்கன் கார்பைடு அல்லது கார்டியரைட். நெடுக ஓடும் நுண்குழாய்களில் ஒன்று முன்பக்கம் திறந்து பின்பக்கம் அடைத்திருக்கும், அடுத்தது அதற்கு நேர்மாறு. புகை ஒரு குழாயில் நுழைந்து, வழி இல்லாமல், நுண்துளைச் சுவர் வழியாகப் பக்கத்துக் குழாய்க்குக் கசிந்துதான் வெளியேற வேண்டும். கரி சுவரில் தங்கிவிடும். கொஞ்சம் கரி படிந்த சுவர் புதுச் சுவரைவிட நன்றாக வடிகட்டும் என்பது இதில் ஒரு வேடிக்கை.

இந்தக் கரியை எரிக்க இரண்டு வழிகள். ஒன்று, யாருக்கும் தெரியாமல் நடப்பது. முன்னால் உள்ள வினையூக்கி, புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும். அது சுமார் 250 டிகிரியிலிருந்தே கரியைத் தின்னத் தொடங்கும். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும் காரில் இது மணிக்கணக்கில் ஓசையில்லாமல் நடக்கிறது. பாரம் ஏற்றி நெடுந்தூரம் ஓடுகிற வண்டிக்காரர்கள் இந்த மஞ்சள் விளக்கை வருடக்கணக்கில் பார்க்காமல் இருப்பது இதனால்தான். மற்றொன்று, ஆக்சிஜனைக் கொண்டு எரிப்பது. அதற்கு 550, 600 டிகிரி வேண்டும். சாதாரண ஓட்டத்தில் டீசல் புகை அந்தச் சூட்டை எட்டாது. ஆகவே கூடுதல் டீசல். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். நான் கரி எரிப்பு என்றே சொல்வேன். சொல்லிலேயே வேலை தெரிகிறது.

இந்த வடிகட்டியோடு பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் கார் 2000-ஆம் ஆண்டின் பியூஜோ 607. அதில் டீசலோடு சீரியம் கலந்த திரவத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கரி எரியும் வெப்பநிலையைச் சுமார் 450 டிகிரிக்கு இறக்கினார்கள்.

கரியையும் சாம்பலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கரி கார்பன், எரிந்து வாயுவாகப் போய்விடும். சாம்பல் ஆயிலில் கலந்துள்ள கால்சியம், துத்தநாகம் போன்றவற்றின் மிச்சம். எந்தச் சூட்டிலும் எரியாது. அது குழாய்களின் கடைக்கோடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். நெடுஞ்சாலை ஓட்டமும் டாங்கியில் ஊற்றும் மருந்தும் அதை அசைக்காது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். சாம்பல் குறைந்த ஆயிலைத் தயாரிப்பாளர்கள் வலியுறுத்துவது இதற்காகத்தான். ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ. வகுத்த சி3 ரக ஆயிலில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய ஏ3/பி4 ரகத்தில் அது 1.6 சதவீதம் வரை போகும். தினப்பயணியின் காரில் 74,000 கி.மீ.யில் சாம்பல் நிறைந்திருக்க வாய்ப்பு குறைவு, சரியான ஆயில் ஊற்றியிருந்தால்.

#15 தினப்பயணி

வாத்தியார் ஐயா, முதல் முறையாக எனக்கு விளங்கியது. ஆயில் டப்பாவைத் தேடிப் பார்த்தேன், சி3 தான்.

பழைய ஸ்பேனர் ஐயா சொன்னபிறகு சும்மா இருக்க முடியவில்லை. காரின் கணினியைப் படிக்க உதவும் ஓ.பி.டி. துளையில் செருகும் சிறிய கருவி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, கைபேசியோடு இணைத்தேன். ஆயிலை மாற்றிவிட்டு, பெட்டி நிறைந்திருந்ததால் வேகம் எடுக்காமல், இருபத்தைந்து நிமிடம் மெதுவாக ஓட்டி எண்களைக் குறித்துக்கொண்டேன்.

கணக்கிட்ட கரி 31 கிராம். கடைசியாக முழுமையாக முடிந்த எரிப்புக்குப் பின் ஓடிய தூரம் 412 கி.மீ. அதன் பிறகு தொடங்கிப் பாதியில் நின்றவை 9. வடிகட்டியின் இரு பக்க அழுத்த வேறுபாடு, இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் 0. குளிர்நீர் வெப்பம் 67 முதல் 71 டிகிரி வரை. ஆனால் டாஷ்போர்டில் வெப்ப முள் எப்போதும் போல நடுவில்தான் நிற்கிறது.

#16 பழைய ஸ்பேனர்

அகப்பட்டான்!

இருபத்தைந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு குளிர்நீர் 71 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் உங்கள் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் சூடேறும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைப்பது அதன் வேலை. அது மூடாவிட்டால் நீர் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டரைச் சுற்றி வந்து குளிர்ந்துகொண்டே இருக்கும். சரியான இன்ஜினில் 85க்கும் 95க்கும் இடையில் நிற்க வேண்டும். இன்ஜின் வேண்டிய சூட்டை எட்டாத வரை கணினி கரி எரிப்பைத் தொடங்காது, தொடங்கியிருந்தாலும் சூடு இறங்கினால் நிறுத்திவிடும். பல கார்களில் அந்த எல்லை 70ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

உங்கள் ஞாயிறு மதிய ஓட்டத்தையும் இரவு ஓட்டத்தையும் இப்போது நினைத்துப் பாருங்கள். மதிய வெயிலில் நீர் 70ஐத் தாண்டிக்கொண்டது, எரிப்பு முடிந்தது. இரவுக் காற்று ரேடியேட்டரில் அடித்ததும் 67க்கு இறங்கிவிட்டது. நீங்கள் வேகமாக ஓட்ட ஓட்ட அது இன்னும் குளிர்ந்தது. "இன்னும் விரட்டு" என்ற அறிவுரை இங்கே நிலைமையை மோசமாக்கியிருக்கும்.

டாஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். பல கார்களில் குறிப்பிட்ட எல்லைக்குள் வெப்பம் எப்படி ஏறி இறங்கினாலும் முள்ளை நடுவிலேயே நிறுத்திவைக்கிறார்கள், ஓட்டுநர் பதற வேண்டாம் என்று. பதற வேண்டிய நேரத்திலும் அது அமைதியாகவே இருக்கிறது.

வடிகட்டியைத் தொடாதீர்கள். தெர்மோஸ்டாட் மாற்றச் சொல்லுங்கள். வடிகட்டி விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

#17 நெடுஞ்சாலைக்காரர்

தெர்மோஸ்டாட் கெட்டால் அதற்கென்று தனிப் பிழை எண் வருமே, பி0128? அவர் தாளில் இல்லையே. யூகத்தில் பேசாதீர்கள்.

#18 பழைய ஸ்பேனர்

வர வேண்டும், வராமலும் போகும். கணினி ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் குறிப்பிட்ட வெப்பம் எட்டியதா என்று பார்க்கும். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்து நின்றால் எண் வரும். சற்றே திறந்து சிக்கியிருந்தால் எல்லைக்கு ஒட்டி ஒட்டியே போய்த் தப்பித்துவிடும். 67 முதல் 71 என்பது அந்த எல்லைத் திருடனின் நடை. யூகம் என்று நினைத்தால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல்குழாயைக் கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்திலேயே வெதுவெதுப்பு ஏறினால் கதவு திறந்திருக்கிறது.

#19 தினப்பயணி

தொட்டுப் பார்த்தேன். இரண்டாவது நிமிடத்திலேயே வெதுவெதுப்பு.

#20 நெடுஞ்சாலைக்காரர்

சரி. ஒப்புக்கொள்கிறேன். என் நான்கு கார்களிலும் தெர்மோஸ்டாட் நன்றாக இருந்திருக்கிறது போலும்.

#21 மூடிதிறந்தவர்

டீசலில் கலக்கும் வடிகட்டி சுத்திகரிப்பு மருந்து ஊற்றினால் இதெல்லாம் தேவைப்பட்டிருக்காதே? நான் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊற்றுகிறேன், விளக்கே வந்ததில்லை.

#22 சூளைவாத்தியார்

சீரியம், இரும்புச் சேர்மம் உள்ளவை கரி எரியும் வெப்பநிலையை உண்மையிலேயே குறைக்கும், பியூஜோ செய்த அதே தந்திரம்தான். ஆனால் அவையும் எரிந்து கொஞ்சம் சாம்பலாக மாறும். அதைவிட, எரிப்பே தொடங்காத காரில் எந்த மருந்துக்கும் வேலையில்லை. உங்கள் காரில் விளக்கு வராததற்கு மருந்து காரணமா, நீங்கள் ஓட்டும் தூரம் காரணமா என்று ஆறு மாதம் மருந்தை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

#23 தினப்பயணி

புதுத் தெர்மோஸ்டாட் போட்டாயிற்று. வேறு பட்டறை. நீர் இப்போது 88, 90 டிகிரியில் நிற்கிறது. ஆனால் விளக்குகள் அப்படியே. இங்குள்ளவர் ஸ்கேனர் மூலம் நின்ற இடத்திலேயே எரிக்கலாம் என்கிறார். பாதுகாப்பானதா?

#24 பழைய ஸ்பேனர்

பாதுகாப்பாகச் செய்தால் பாதுகாப்பானது. 31 கிராம் என்பது பெரும்பாலான கார்களில் இன்னும் அனுமதிக்கும் அளவுக்குள் இருக்கும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஓர் உச்ச எல்லை உண்டு, அதைத் தாண்டினால் ஸ்கேனரே மறுத்துவிடும். மறுத்தால் யாராவது அதை ஏமாற்றி எரிக்கப் பார்ப்பார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சிய கரி ஒரேயடியாகப் பற்றிக்கொண்டால் உள்ளே 1000 டிகிரியைத் தாண்டும். பீங்கான் விரிசல் விடும், உருகும். பிறகு உண்மையிலேயே புதிது வாங்க வேண்டியதுதான்.

திறந்த வெளியில் நிறுத்தச் சொல்லுங்கள். கூரைக் கொட்டகைக்குள் வேண்டாம். அடியில் காய்ந்த புல், சருகு, அட்டை எதுவும் இருக்கக் கூடாது. பின்குழாய்ப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது; குழந்தைகளைத் தூரத்தில் வையுங்கள். இருபது முப்பது நிமிடம் இன்ஜின் தானாகவே சுற்றைக் கூட்டிக்கொள்ளும், விசிறி முழுவேகத்தில் ஓடும். பயப்பட வேண்டாம்.

அதற்கு முன் அழுத்த சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் வெடித்திருந்தால் கணினிக்குத் தவறான கணக்குதான் போகும். உங்களுக்குச் சாவி போட்ட நிலையில் 0 வந்தது நல்ல அறிகுறி, ஆனாலும் குழாய் வேறு, சென்சார் வேறு.

#25 எண்ணெய்ப்பிசுக்கு

எரிப்பு முடிந்ததும் ஆயிலை மறுபடி மாற்றிவிடுங்கள்.

#26 பழைய ஸ்பேனர்

இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறையா? அவர் பணம் மரத்தில் காய்க்கிறதா? அளவு ஏறவில்லை என்றால் வழக்கமான இடைவெளியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால் போதும்.

#27 எண்ணெய்ப்பிசுக்கு

நின்ற இடத்தில் எரிப்பதில்தான் டீசல் அதிகம் இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும். பல தயாரிப்பாளர்களின் பட்டறைக் கையேடே மாற்றச் சொல்கிறது. நான் மாற்றுவேன். முதல் முறை மாற்றியதே தப்பு என்று வேண்டுமானால் சொல்லுங்கள். எரிப்புக்குப் பிறகு மாற்றுவதற்காக அன்று மேல்கோட்டுக்கு மேலிருந்ததை மட்டும் வடித்திருக்கலாம்.

#28 பழைய ஸ்பேனர்

ஒரு விரல் அகலம் ஏறிய ஆயிலை யாரும் நம்பி ஓட்ட மாட்டார்கள். இரண்டாவதில் நீங்கள் சொல்வது கையேட்டின்படி சரி. விட்டுக்கொடுக்கிறேன், அரை மனதோடு.

#29 தினப்பயணி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சென்சார் குழாய் ஒன்றில் நிஜமாகவே சிறு வெடிப்பு இருந்தது, மாற்றினார்கள். எரிப்பு இருபத்தைந்து நிமிடம் நடந்தது. எதிர்பார்த்ததைவிட அமைதியாக இருந்தது, வாடைதான் தாங்கவில்லை. 31 கிராம் 4 ஆனது. இரண்டு விளக்கும் அணைந்தன, கார் பழையபடி பாய்கிறது. ஆயிலை மறுபடி மாற்றினேன். வீட்டில் இது பற்றி இன்னும் சொல்லவில்லை.

அதன் பிறகு கைபேசியில் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் ஒரு முழு எரிப்பை அடையாளம் கண்டேன். கடந்த முறை முடிந்து 380 கி.மீ. கழித்து வந்தது. நிற்கும்போது சுற்று 800லிருந்து 1000க்கு ஏறியது, சிக்னலில் தானாக அணையும் வசதி வேலை செய்யவில்லை, டீசல் கணக்கு காட்டும் எண் திடீரென்று உயர்ந்தது. இத்தனை வருடம் இந்த அறிகுறிகளைப் பார்த்தும் பாராமலும் சாவியை அணைத்திருக்கிறேன். இப்போது அப்படி வந்தால் அலுவலகத்தைத் தாண்டி ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன். காவலாளி விநோதமாகப் பார்க்கிறார்.

#30 கணக்கர்

மகிழ்ச்சி. ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: தினமும் 6 கி.மீ. ஓடுகிறவருக்கு இந்த டீசல் காரை விற்றவர்தான் முதல் குற்றவாளி. தெர்மோஸ்டாட் இரண்டாவது. ஆறு கி.மீ.யில் இன்ஜின் ஆயில் சூடேறவே நேரம் போதாது.

#31 தினப்பயணி

அடுத்த கார் டீசல் அல்ல. இதை ஓடும் வரை ஓட்டுவேன்.

#32 இரண்டாங்கை

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். என் பிரச்சினை தலைகீழ். ஆறு மாதத்துக்கு முன் பழைய டீசல் கார் வாங்கினேன், 1,40,000 கி.மீ. இந்த விளக்கு ஒரு முறைகூட வந்ததில்லை. விசிறியும் கத்துவதில்லை, வாடையும் இல்லை. சாவி போட்டதும் எல்லா விளக்குகளும் எரிந்து அணையுமே, அதில் பெட்டி விளக்கு மட்டும் எரிவதில்லை. நல்ல கார் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்திருந்தேன். இப்போது சந்தேகம் வருகிறது.

#33 பழைய ஸ்பேனர்

பின்குழாய்க்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள், இன்ஜின் குளிர்ந்த பிறகு. வடிகட்டி நன்றாக இருந்தால் துணி கிட்டத்தட்டச் சுத்தமாக வரும். வந்ததும் எழுதுங்கள்.

#34 இரண்டாங்கை

அடுப்புக்கரி தொட்டது போல இருக்கிறது.

#35 பழைய ஸ்பேனர்

காரைத் தூக்கச் சொல்லி அந்தப் பெட்டியின் மேற்பக்கத்தைப் பாருங்கள், கீழிருந்து தெரியாத பக்கம். தொழிற்சாலை வெல்டிங் ஓரங்களில்தான் இருக்கும். உடம்பின் நடுவே இருக்காது.

#36 இரண்டாங்கை

பார்த்தேன். அறுவைச் சிகிச்சைத் தையல் போல மேலே நீளமாக ஒரு கோடு, மேலே வெள்ளிப் பெயின்ட் வேறு அடித்திருக்கிறார்கள். தட்டினால் காலி டப்பா சத்தம்.

#37 துளைபோட்டவன்

என்னைப் பார்க்காதீர்கள். என் கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.